ஞானப்பல் வராமலே தடுக்க முடியுமா? தோட்டத்துப் பெற்றோர் அறிய வேண்டியவை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வரை பல்லைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழு பள்ளிக்கே வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறது. சொத்தை இருந்தால் அடைக்கிறது. விழ வேண்டிய பால் பல் விழாமல் நின்றால் பிடுங்கிவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கும் இந்தக் கவனிப்பு இடைநிலைப்பள்ளி வரை தொடர்கிறது. எஸ்.பி.எம். எழுதிவிட்டுப் பிள்ளை பள்ளியை விட்டு வெளியே வந்ததும் அது நின்றுபோகிறது.

ஞானப்பல் தலைகாட்டத் தொடங்குவதும் அந்தச் சமயத்தில்தான். 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் பெரும்பாலோருக்கு அது முளைக்கிறது. பிள்ளைகள் வேலைக்கும் மேற்படிப்புக்கும் மலையை விட்டு இறங்கும் வயது அது. வாயைத் திறந்து பார்க்கச் சொல்லி யாரும் தேடி வராத வயதும் அதுதான். அதனால் தாடை வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் போன பிறகுதான் பலர் பல் மருத்துவரைத் தேடிப் போகிறார்கள்.

இவ்வளவு தொல்லை தரும் பல்லை அறுவைச் சிகிச்சை இல்லாமல், முளைக்கவே விடாமல் தடுத்துவிட முடியாதா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இதற்கான ஆராய்ச்சி வெளிநாடுகளில் உண்மையிலேயே நடந்து வருகிறது. ஆனால் இன்றைய தேதிக்கு, பிள்ளையைக் கூட்டிப்போய் அப்படி ஒரு சிகிச்சையைச் செய்துகொள்ளும் நிலை வரவில்லை. கையில் இருப்பது வேறு வழி: பல் வருவதைத் தடுக்க முடியாவிட்டாலும், அதனால் வரும் தொல்லையில் ஒரு நல்ல பகுதியைக் கத்தி இல்லாமல் தடுக்கலாம். அதற்குச் சரியான வயதில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வாயின் கடைக்குட்டி

மலாய்க்காரர்கள் இந்தப் பல்லை 'கிகி போங்சு' என்கிறார்கள். கடைக்குட்டிப் பல் என்று பொருள். தமிழில் ஞானப்பல், அறிவுப்பல் என்கிறோம். அறிவு முதிரும் வயதில் வருவதால் அந்தப் பெயர். மற்றபடி அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைவாயில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு ஞானப்பற்கள் வரலாம். ஆறு வயதில் முதல் கடைவாய்ப்பல், பன்னிரண்டு வயதில் இரண்டாவது கடைவாய்ப்பல், கடைசியாக இது. மற்ற நிலைப் பற்களில் பெரும்பாலானவை குழந்தை பிறக்கும்போதே தாடைக்குள் கருவாகத் தொடங்கிவிடுகின்றன. ஞானப்பல்லுக்கு அப்போது அடையாளமே இருக்காது. ஏறக்குறைய எட்டு, ஒன்பது வயதில்தான் எக்ஸ்ரே படத்தில் ஒரு சிறு வட்டமாக அதன் மொட்டு தெரியத் தொடங்கும். பல்லின் தலைப்பகுதி பதின்ம வயதின் நடுவில் உருவாகி முடியும். வேர் முழுமையாக வளர இருபது வயதையும் தாண்டலாம்.

எல்லாருக்கும் நான்கும் வருவதில்லை. உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2015-இல் வெளியான கணக்குப்படி, ஏறக்குறைய 22.6 விழுக்காட்டினருக்கு ஒரு ஞானப்பல்லாவது உருவாவதே இல்லை. இது நோயல்ல, பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஞானப்பல் இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லாமல் போகலாம். மறுபக்கம், முளைக்க இடமில்லாமல் எலும்புக்குள்ளோ ஈறுக்குள்ளோ சிக்கிக்கொள்ளும் ஞானப்பல் ஒன்றாவது இருப்பவர்கள் ஏறக்குறைய 24 விழுக்காட்டினர் என்று 2016-இல் வந்த மற்றொரு தொகுப்பு கூறுகிறது. நான்கில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இடம் ஏன் போதவில்லை?

நம் முன்னோர்கள் கடினமான உணவை நிறைய மென்று தின்றார்கள். மெல்லும் வேலை அதிகமாக இருந்தால் வளரும் வயதில் தாடை எலும்பு நன்றாக வளர்கிறது. வேகவைத்த, அரைத்த, மென்மையான உணவுக்கு மாறிய பிறகு தாடைக்கு அந்த வேலை குறைந்தது. பல்லின் அளவைப் பெரும்பாலும் பரம்பரை தீர்மானிக்கிறது. தாடையின் அளவையோ பரம்பரையோடு சேர்ந்து உணவும் தீர்மானிக்கிறது. பல் பெரியது, இடம் சிறியது என்றால் கடைசியில் வருவதற்கு இடம் இருக்காது.

இதற்கு ஆதாரம் தேடிய ஆய்வுகளில் ஒன்று இந்தியாவில் நடந்தது. அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் கொருச்சினியும் அவருடைய குழுவினரும் வட இந்தியாவில் சண்டிகர் நகரத்து இளைஞர்களின் பல்வரிசையையும், அதே பஞ்சாபி இனத்தைச் சேர்ந்த கிராமத்து இளைஞர்களின் பல்வரிசையையும் ஒப்பிட்டு 1983-இல் வெளியிட்டார்கள். நகரத்துப் பிள்ளைகளிடம் பல்வரிசைக் கோளாறு கூடுதலாக இருந்தது. இனம் ஒன்று, ஆனால் உண்ணும் உணவு வேறு என்பதால் இந்த ஒப்பீடு முக்கியமாகக் கருதப்பட்டது.

அப்படியானால் பிள்ளைக்கு முறுக்கும் கரும்பும் கொடுத்து வளர்த்தால் ஞானப்பல் நேராக வந்துவிடுமா? அப்படிச் சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. தாடை வளர்ச்சிக்கு மென்று உண்பது நல்லது. பால் பல் முளைத்த குழந்தைக்கு எப்போதும் கரைத்த உணவையே ஊட்டாமல், வயதுக்கு ஏற்ற அளவு மெல்லும் உணவைப் பழக்குவதும் நல்லது. ஆனால் அதை ஞானப்பல்லுக்கான சிகிச்சை என்று நம்பிக் காத்திருப்பது சரியல்ல. இருபது வயதானவர் கடினமான உணவை மென்று தாடையைப் பெரிதாக்கிக்கொள்ள முடியாது.

முளையிலேயே கிள்ளும் ஆராய்ச்சி

ஞானப்பல் பிறந்த பிறகு உருவாவது, அதன் மொட்டு தொடக்கத்தில் ஈறின் மேற்பரப்புக்கு அருகிலேயே இருப்பது ஆகிய இரண்டும்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு ஆசை காட்டின. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த அந்தோணி சில்வெஸ்ட்ரி பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு இருந்தவர். வளர்ந்த பல்லை அறுத்து எடுப்பதைவிட, மொட்டாக இருக்கும்போதே அதன் வளர்ச்சியை நிறுத்தினால் என்ன என்பது அவர் வாதம். அவர் குழு முதலில் எலிக்குட்டிகளிடம் மின்சக்தியைச் சிறிய அளவில் செலுத்தி, கடைசிக் கடைவாய்ப்பல் உருவாகாமல் தடுக்க முடியும் என்று காட்டியது.

பிறகு 2013-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு உலகச் செய்தியானது. சொத்தைப் பல்லுக்காகச் சிறு பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடையில் மரத்துப்போகும் ஊசி போடுவது வழக்கம். அந்த ஊசி இறங்கும் இடம், பிற்காலத்தில் ஞானப்பல் மொட்டு உருவாகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2 முதல் 6 வயதுக்குள் அப்படி ஊசி போட்டவர்களுக்கு ஞானப்பல் உருவானதா, இல்லையா என்று பழைய மருத்துவப் பதிவுகளையும் எக்ஸ்ரே படங்களையும் வைத்துப் பார்த்தார்கள்.

மொத்தம் 220 பிள்ளைகளின் பதிவுகள். அவற்றில் கீழ்த்தாடையில் ஞானப்பல் வரக்கூடிய 439 இடங்கள் கணக்கில் எடுக்கப்பட்டன. ஊசி போடாத 376 இடங்களில் மொட்டு இல்லாதவை 1.9 விழுக்காடு. ஊசி போட்ட 63 இடங்களில் மொட்டு இல்லாதவை 7.9 விழுக்காடு. வித்தியாசம் நான்கு மடங்குக்கும் மேல்.

இந்த 'நான்கு மடங்கு' மட்டும் காதில் விழுந்தால், பிள்ளைக்கு ஓர் ஊசி போட்டுவிட்டால் போதும் என்றே தோன்றும். அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் உண்மை விளங்கும். ஊசி போட்ட நூறு இடங்களில் தொண்ணூற்றிரண்டில் ஞானப்பல் மொட்டு வழக்கம்போல் இருந்தது. ஊசி போட்ட இடங்கள் வெறும் 63 என்பதால், மொட்டு இல்லாமல் போனவை ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடியவையே. ஊசியும் ஞானப்பல்லைத் தடுப்பதற்காகப் போடப்பட்டதல்ல. வேறு சிகிச்சைக்காகப் போடப்பட்டது. ஊசிதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆராய்வதற்கு ஒரு வழி தெரிகிறது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பள்ளியில் பல் சிகிச்சைக்கு ஊசி போட்டதால் பிள்ளைக்குப் பல் வளராமல் போய்விடுமோ என்று பயப்படவும் இதில் ஒன்றுமில்லை. பேச்சு முழுவதும் ஞானப்பல்லைப் பற்றியது மட்டுமே. சொத்தையால் துடிக்கும் பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று பெற்றோர் மறுப்பதற்கு இந்த ஆய்வு காரணமாகக் கூடாது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மற்றொரு முயற்சி நடக்கிறது. எக்ஸ்ரே ஸ்கேன் மூலம் மொட்டு இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கண்டு, ஈறின் வழியாக மெல்லிய கருவி ஒன்றைச் செலுத்தி, நுண்ணலைச் சூட்டால் மொட்டை மட்டும் செயலிழக்கச் செய்வது அந்த முறை. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் வேலை செய்வதும் இதே வகை அலைதான். பன்றிகளிடம் நடத்திய சோதனைகளில் இது பலன் தந்ததாக ஆய்வு வெளியாகியிருக்கிறது. ஈறைக் கிழித்துத் தைக்கும் அறுவை இதில் இல்லை என்றாலும், கருவி உள்ளே போகிறது. ஆகவே இதை முற்றிலும் வலியற்ற, தொடாத சிகிச்சை என்று சொல்லிவிட முடியாது.

ஏன் இன்னும் கிளினிக்குக்கு வரவில்லை?

இந்தச் சிகிச்சைக்கு ஏற்ற வயது மொட்டு உருவாகும் வயது. அதாவது ஆரம்பப் பள்ளிப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் ஞானப்பல் பிற்காலத்தில் நேராக வருமா, கோணலாக வருமா, எலும்புக்குள் சிக்குமா என்று அந்த வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான்கில் ஏறக்குறைய மூன்று பேருக்குப் பல் சிக்குவதில்லை என்றால், எல்லாப் பிள்ளைகளுக்கும் சிகிச்சை செய்வது, தொல்லையே வராத பலருக்கும் சேர்த்துச் செய்வதாகிவிடும்.

இன்னொன்று, மொட்டுக்குப் பக்கத்தில்தான் இரண்டாவது கடைவாய்ப்பல் வளர்ந்துகொண்டிருக்கும். கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் அதே தாடைக்குள் ஓடுகிறது. சூடு சற்றுத் தவறிப் பரவினாலும் காலமெல்லாம் வேண்டிய பல் பழுதாகலாம். வளரும் பிள்ளையிடம் செய்யும் சிகிச்சையின் முழு விளைவையும் அறியப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையான ஆய்வுகள் முடியும் முன்னே, ஞானப்பல்லை வராமல் தடுக்கும் மருந்து, எண்ணெய், பசை, கருவி என்று எதை யார் விற்க வந்தாலும் பணத்தைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

எல்லா ஞானப்பல்லையும் பிடுங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நேராக முளைத்து, மேலும் கீழும் பொருந்தி, துலக்க எட்டும் தூரத்தில் இருக்கும் ஞானப்பல் மற்ற பற்களைப் போல ஒரு நல்ல பல். அதைப் பிடுங்கக் காரணமில்லை.

எலும்புக்குள் சிக்கியிருந்தும் எந்தத் தொல்லையும் தராத பல்லை என்ன செய்வது என்பதில் மருத்துவ உலகில் இருவிதக் கருத்து உண்டு. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவைக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு, நோயில்லாத சிக்கிய ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாகப் பிடுங்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. உலக ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் கொக்ரேன் குழு, தொல்லையில்லாத பல்லைப் பிடுங்குவதா விடுவதா என்று முடிவுகட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றே கூறியிருக்கிறது. பிடுங்காமல் விட்டால் அவ்வப்போது பல் மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.

ஞானப்பல் முட்டித் தள்ளுவதால் முன்பற்கள் கோணலாகின்றன என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு. முன்பல் நெரிசலைத் தடுப்பதற்காக ஞானப்பல்லைப் பிடுங்குவது நியாயமில்லை என்று பிரிட்டனில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. வயது ஏற ஏற, ஞானப்பல் இல்லாதவருக்கும் முன்பற்கள் சற்று நெருங்குவதுண்டு.

தொல்லை எங்கே தொடங்குகிறது?

பாதி முளைத்து, பாதி ஈறுக்குள் நிற்கும் கீழ்த்தாடை ஞானப்பல்தான் அதிகத் தொல்லை தருவது. அதன் தலைமேல் ஈறு ஒரு மூடிபோல் கிடக்கும். மூடிக்கு அடியில் சோற்றுப்பருக்கையும் கறித்துணுக்கும் போய் ஒதுங்கும். தூரிகை அங்கே எட்டாது. கிருமிகள் பெருகி ஈறு வீங்கும். வீங்கிய ஈறின் மேல் எதிர்ப்பல் கடிபட, வலி காதுக்கும் தொண்டைக்கும் பரவும். வாயில் கெட்ட வாடை வரும். தாடைத் தசை இறுகி வாய் திறக்க மறுக்கும்.

இரண்டாவது தொல்லை சத்தமில்லாமல் வருவது. ஞானப்பல் சாய்ந்து முன்னால் இருக்கும் பல்லின் மேல் முட்டிக்கொண்டு நின்றால், இரண்டுக்கும் நடுவில் உணவு தங்கும். சொத்தை விழுவது ஞானப்பல்லில் மட்டுமல்ல; நன்றாக வேலை செய்துகொண்டிருந்த இரண்டாவது கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்திலும் விழும். அது கண்ணுக்குத் தெரியாது. வலி வந்து பார்க்கும்போது, பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய அந்தப் பல்லும் சேர்ந்து போகும் நிலை வரலாம். எனவே வலி இல்லை என்பதை மட்டும் வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட முடியாது.

கத்தி இல்லாமல் செய்யக்கூடியவை

முதலாவது, காலாகாலத்தில் ஒரு பரிசோதனை. இடைநிலைப்பள்ளி முடியும் தறுவாயில், 16 முதல் 18 வயதுக்குள், பல் மருத்துவரிடம் "ஞானப்பல் எப்படி இருக்கிறது?" என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். தேவையென்று அவர் நினைத்தால் ஓ.பி.ஜி. எனப்படும், முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். பல் இருக்கிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். பள்ளிக் குழு கடைசியாக வரும் ஆண்டிலேயே பிள்ளை இதைக் கேட்டுவிட்டால் தனியாக ஓர் அலைச்சல் மிச்சம்.

இரண்டாவது, கடைசிப் பல் வரை துலக்குவது. காலையில் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் முன்பல்லை மட்டும் தேய்த்துவிட்டுப் போவது பலரின் வழக்கம். இரவு படுக்கும் முன் துலக்குவது அதைவிட முக்கியம். தலை சிறியதாக இருக்கும் தூரிகை கடைவாய்க்கு நன்றாக எட்டும். சிறுவர் தூரிகையைப் பெரியவர்களும் இதற்குப் பயன்படுத்தலாம். வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகித் தூரிகை உள்ளே போகாது. வாயைப் பாதி மூடிக்கொண்டு, கன்னத்துப் பக்கமாகத் தூரிகையைப் பின்னே நகர்த்தினால் கடைசிப் பல்லின் பின்பக்கம் வரை போகும். ஃப்ளூரைடு கலந்த பற்பசை வேண்டும்.

மூன்றாவது, இனிப்பு. தேயிலையில் இயற்கையாகவே ஃப்ளூரைடு உண்டு. சீனி இல்லாத தேநீரால் பல்லுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கெட்டிப்பால் ஊற்றிய தேநீரைப் போத்தலில் எடுத்துப்போய் வேலை நேரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால், பல் நாள் முழுவதும் சீனியில் ஊறுகிறது. எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை குடிக்கிறோம் என்பதே சொத்தைக்கு முக்கியக் காரணம். இனிப்புத் தேநீரைச் சாப்பாட்டு வேளையோடு நிறுத்தி, இடையில் வெறும் தண்ணீர் குடிப்பது நல்லது.

நான்காவது, ஈறு லேசாக வீங்கத் தொடங்கினால் செய்ய வேண்டியது. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, குறிப்பாகச் சாப்பிட்ட பின், அந்தப் பக்கமாகக் கொப்பளிக்கலாம். மென்மையான தூரிகையால் அந்த இடத்தைத் தொடர்ந்து சுத்தம் செய்ய வேண்டும். வலிக்கிறதென்று துலக்காமல் விட்டால் வீக்கம் கூடும். வலிக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம். மாத்திரை உறையில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று நாளில் தணியாவிட்டால் பல் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் ஈறு மூடிக்கு அடியில் கழுவிச் சுத்தம் செய்வார். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். தணிந்த பிறகும் மீண்டும் மீண்டும் வந்தால், பல்லைப் பிடுங்குவதா என்று அப்போது முடிவு செய்யலாம்.

செய்யக் கூடாதவை

வலிக்கும் ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அழுத்துவது பழைய வழக்கம். அது வலியைக் குறைக்காது. ஈறையும் கன்னத்தையும் வேக வைத்துப் புண்ணாக்கும். கிராம்புத் தைலம் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும். ஆனால் அடிக்கடி ஊற்றினால் அதுவும் புண்ணாக்கும். உள்ளே இருக்கும் கிருமித் தொற்றைக் குணப்படுத்தாது. வீங்கிய தாடைக்கு வெளியிலிருந்து சூட்டு ஒத்தடம் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை வாங்கிப் போடுவதும் தவறு. சாதாரண ஈறு வீக்கத்துக்குச் சுத்தம் செய்வதே முதல் சிகிச்சை. ஆன்டிபயாட்டிக் தேவையா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவுதல், காய்ச்சல், எச்சிலை விழுங்க முடியாமை, நாக்கு மேலே தூக்கிக்கொள்ளுதல், குரல் மாறுதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பல்லில் தொடங்கிய தொற்று கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும். இரவு நேரத்தில் தோட்டத்திலிருந்து வண்டி கிடைப்பது சிரமம் என்பதால், காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்து தெரிந்தவுடன் பகலிலேயே புறப்படுவது புத்திசாலித்தனம்.

வாய் திறக்காததற்கு வேறு காரணமும் உண்டு

நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கடைவாயில் எரிச்சல், வாய் முன்போல் திறக்கவில்லை என்றால் அதையும் ஞானப்பல் என்று தள்ளிவிடக் கூடாது. வெற்றிலை பாக்கு, புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் நாராக இறுகி வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும் நோய் உண்டு. அது பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்தியது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே அதிகமாகக் காணப்படுகிறது. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி ஆகியவை வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டப்பட வேண்டியவை.

பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

தொற்று திரும்பத் திரும்ப வந்தாலும், ஞானப்பல்லோ பக்கத்துப் பல்லோ சொத்தையானாலும், பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உண்டானாலும் பிடுங்குவதே வழி. நேராக நிற்கும் பல்லைச் சாதாரணப் பல் மருத்துவரே எடுத்துவிடுவார். எலும்புக்குள் சிக்கிய பல்லுக்கு வாய், தாடை அறுவை நிபுணர் தேவைப்படலாம். அப்படி என்றால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போக நேரிடும். கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகவோ தாப்பா வழியாகவோ வளைந்து வளைந்து இறங்கும் பாதை அது. போக வர ஒரு நாள் போய்விடும்.

வயதும் முக்கியம். வேர் முழுமையாக வளராத பதின்ம வயதின் கடைசியில் எடுப்பது எளிது. புண்ணும் சீக்கிரம் ஆறும். நாற்பது வயதில் எலும்பு கெட்டிப்பட்டுவிடும். கீழ்த்தாடை நரம்பு பட்டுவிட்டால் கீழுதடு மரத்துப்போகலாம். பெரும்பாலும் அது சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நிரந்தரமாக மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. பிடுங்கிய பின் சில நாட்களுக்குச் சிகரெட் கூடவே கூடாது. புண் ஆறாமல் கடும் வலி வர அது ஒரு காரணம்.

சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பல் வலியைத் தாங்கிக்கொள்வதுண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பை அனுமதிக்கிறது: இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குக் குறைவானவருக்கு 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். பல் மருத்துவர் கொடுக்கும் எம்.சி.யும் இதில் சேரும். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் மண்டோரிடமோ தோட்ட அலுவலகத்திலோ தகவல் சொல்லிவிட வேண்டும்.

வயது வாரியாக நினைவில் வைக்க

6 வயது வரை: மெல்லும் உணவைப் பழக்குங்கள், இரவில் பால் போத்தலோடு தூங்க விடாதீர்கள். பால் பல் சொத்தையானால் சிகிச்சைக்கு ஊசி போடத் தயங்க வேண்டாம்.

7 முதல் 12 வயது: ஞானப்பல் மொட்டு விடும் காலம். அதைத் தடுக்க இப்போது எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. முதல், இரண்டாவது கடைவாய்ப்பற்களைக் காப்பதே வேலை.

16 முதல் 18 வயது: பள்ளியை விட்டு வெளியேறும் முன் ஞானப்பல்லைப் பற்றிக் கேட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

18 முதல் 25 வயது: ஊர் மாறினாலும் ஆண்டுக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கருவுறத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே காட்டிக்கொள்வது நல்லது. கர்ப்பக் காலத்தில் ஈறு எளிதில் வீங்கும்.

25 வயதுக்கு மேல்: தொல்லை தராத ஞானப்பல்லை அப்படியே விட்டுக் கண்காணிக்கலாம். வெற்றிலை பாக்குப் பழக்கம் இருந்தால் வாய் முழுவதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

முளைக்கும் முன்னே தடுக்கும் சிகிச்சை ஒருநாள் வரலாம். அதுவரை, படிவம் ஐந்தில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த ஆண்டுப் பள்ளி விடுமுறை முடிவதற்குள் ஒருமுறை அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்குக்கு அழைத்துப் போய்வாருங்கள்.